எல்எஸ்3/5ஏ-யைச் சரிசெய்து, எல்எஸ்50 மெட்டாவோடு வைத்துக் கேட்டது

பழைய ஸ்பீக்கர் நல்லதா, புதுசு நல்லதா என்று பேச்சு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிய பெட்டி, அதை வடிவமைத்தவர்கள் நினைத்தபடி இன்றும் ஒலிக்கிறதா? காற்று கசியும் பெட்டியையும் போன வருஷம் வாங்கிய பெட்டியையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு "அந்தக் காலத்து ஒலி இப்படித்தான்" என்று முடிவு கட்டினால், கேட்டது வயதின் கோளாறை மட்டும்தான். அந்த வடிவமைப்பு இன்னும் காதில் விழவேயில்லை. அதனால் இந்த ஒப்பீட்டில் பாதி வேலை சால்டரிங் அயர்னோடும் மல்டிமீட்டரோடும் போனது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்டது இரண்டு ஜோடி ஸ்பீக்கர். ஒன்று, ரோஜர்ஸ் தயாரித்த 15 ஓம் எல்எஸ்3/5ஏ, 1970களின் கடைசியில் வந்தது. இங்கே இங்கிலாந்தில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் கிடைத்தது. இன்னொன்று, 2020ல் வந்த கெஃப் எல்எஸ்50 மெட்டா. இந்த இரண்டையும் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. எல்எஸ்3/5ஏ-யின் வடிவம் பிபிசியுடையது. ரோஜர்ஸ், சார்ட்வெல், ஸ்பெண்டார், ஹார்பெத் என்று பல கம்பெனிகள் உரிமம் வாங்கிச் செய்தார்கள். ஆனால் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருந்த பி110 வூஃபரும் (தாழ்ந்த ஒலி தருவது) டி27 ட்வீட்டரும் (உயர்ந்த ஒலி தருவது) கெஃப் செய்தவை. 1961ல் ரேமண்ட் குக் மெய்ட்ஸ்டோனில் தொடங்கிய அதே கெஃப், தன் ஐம்பதாம் ஆண்டையொட்டி 2012ல் எல்எஸ்50-ஐக் கொண்டுவந்தபோது, எல்எஸ்3/5ஏ-தான் அதற்கு முன்மாதிரி என்று வெளிப்படையாகவே சொன்னது. மெட்டா அதன் அடுத்த பதிப்பு. இரண்டு பெட்டியின் முகமும் ஏறக்குறைய ஒரே அளவு, 30 சென்டிமீட்டர் உயரம், 19-20 அகலம். ஆழம்தான் வேறு. ஒரே குடும்பத்தில், ஒரே அளவில், நாற்பது வருஷ இடைவெளியில் இரண்டு ஸ்பீக்கர் என்றால் ஒப்பிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரியவில்லை.

எல்எஸ்3/5ஏ எதற்காகப் பிறந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் அதைக் கேட்க வேண்டும். பிபிசியின் கணக்கில் எல்எஸ்5 வரிசை ஸ்டுடியோவுக்கு, எல்எஸ்3 வரிசை வெளி ஒலிபரப்புக்கு. வேனுக்குள் இடமில்லை, ஆளின் காது ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டருக்குள் இருக்கும், சத்தம் அதிகம் தேவையில்லை. ஆனால் அறிவிப்பாளரின் குரல் சரியாக இருக்கிறதா என்று அந்தப் பெட்டியை நம்பிச் சொல்ல முடிய வேண்டும். 1976ல் பிபிசி வெளியிட்ட ஆய்வறிக்கையில் அதன் பொறியாளர் ஹார்வுட்டும் உடன் வேலை செய்தவர்களும் இதை விளக்கியிருக்கிறார்கள். இடி மாதிரி பாஸ் வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. 5 லிட்டர் மூடிய பெட்டியில் எதை விட்டுக்கொடுத்து எதைக் காப்பாற்றுவது என்பதுதான் அங்கே கேள்வி.

சரி, பெட்டிக்கு வருவோம்.

முதலில் எதையும் கழற்றாமல் இம்பீடன்ஸ் வரைபடம் எடுத்தேன், அதாவது ஒவ்வொரு ஹெர்ட்ஸிலும் ஸ்பீக்கர் எத்தனை ஓம் தடை தருகிறது என்று காட்டும் படம். ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டு, ரூம் ஈக்யூ விஸார்ட் மென்பொருள், இவ்வளவு போதும். பழைய ஸ்பீக்கர் வாங்குகிற எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் சோதனை இது என்று சொல்வேன். மூடிய பெட்டி என்றால் பாஸ் பகுதியில் ஒரே ஒரு மேடு தெரியும். இடது பெட்டியில் அது 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கூர்மையாக, உயரமாக நின்றது. வலது பெட்டியில் அதே மேடு குட்டையாகவும் பரந்தும் கிடந்தது. டிரைவரில் (வூஃபர், ட்வீட்டர் போல ஒலி எழுப்பும் பகுதியில்) கோளாறா, பெட்டியில் கசிவா என்று அறிய எளிய வழி இருக்கிறது. வூஃபர் கோனை, அதாவது அசைந்து ஒலி எழுப்பும் கூம்பை, இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாக உள்ளே அழுத்தி விட வேண்டும். காற்று அடைத்த பெட்டியில் அது நிதானமாக ஊர்ந்து திரும்பும். இடது அப்படித்தான் திரும்பியது. வலது சட்டென்று வெளியே வந்தது.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க 40 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓட்டிவிட்டு, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைப் பெட்டியின் ஓரங்களிலும் வைத்துக்கொண்டு போனேன். பின்பலகையின் கீழ் மூலையில் புஸ் புஸ் என்று தெளிவாகக் கேட்டது. திறந்து பார்த்தால் அடைப்புக்கு வைத்திருந்த நுரைப்பட்டை தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, 3 மில்லிமீட்டர் தடிமனில், காற்றை உள்ளே விடாத வகை நுரைப்பட்டையை ஒட்டி, திருகுகளை எதிரெதிர் மூலையாக முடுக்கினேன். மறுபடி அளந்தபோது இரண்டு மேடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. பாஸ் "தளர்ந்துவிட்டது" என்று சொல்லப்படுகிற பழைய மூடிய பெட்டிகளில் எத்தனைக்கு இந்த ஒரு பட்டைதான் மருந்தோ என்று அப்போது தோன்றியது.

திறந்த கையோடு உள்ளேயும் பார்த்தேன். பிர்ச் பிளைவுட், ஓரச் சட்டங்கள் பீச் மரம், பலகையின் உள்பக்கம் தார்த்தகடு, அதற்குமேல் நுரை. பலகையைத் தடியாக்கி அதிர்வை அடக்குவது எல்லோரும் செய்வது. பிபிசி செய்தது மெல்லிய பலகையில் கனமான தார்த்தகட்டை ஒட்டி, அதிர்வை விழுங்க வைப்பது. இந்தத் தகடு எங்கும் விட்டுப்போகவில்லை. பி110-ன் பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக் கோன் மேலே தூசி படிந்திருந்ததோடு சரி. விளிம்பு ரப்பர் வகை என்பதால் இன்னும் இளக்கமாகவே இருக்கிறது. அந்தக் காலத்து நுரை விளிம்பு ஸ்பீக்கர்களை வைத்திருப்பவர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் கிடையாது, அவற்றில் விளிம்பு மக்கி உதிர்வது சர்வ சாதாரணம்.

கெபாசிட்டர்கள் பற்றி ஒரு வார்த்தை. பழைய கிராஸ்ஓவரை (தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்ததை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சுற்று) கண்டதும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு விலையுயர்ந்தவற்றைப் போடுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இதில் இருப்பவை பிலிம் கெபாசிட்டர்கள், எலக்ட்ரோலிட்டிக் மாதிரி உலர்ந்து போகிறவை அல்ல. ஒவ்வொன்றிலும் ஒரு காலை மட்டும் தூக்கி அளந்தேன். மேலே அச்சிட்டிருந்த அளவுக்கு மிக நெருக்கமாகவே இருந்தன. அப்படியே மறுபடி சால்டர் வைத்தேன். அளவு சரியாக இருக்கிற ஒன்றை மாற்றினால், அது வேறு ஸ்பீக்கர் ஆகிவிடும்.

உண்மையான சிக்கல் ட்வீட்டரில் இருந்தது. ஒரு மீட்டரில் மைக் வைத்து அளந்தால், 3000 ஹெர்ட்ஸுக்கு மேலே வலது பெட்டி இடதைவிட ஒன்றரை டெசிபல் தாழ்ந்து ஓடியது. இரண்டு ட்வீட்டரையும் இடம் மாற்றிப் பொருத்தி அளந்ததும் குறை இடது பெட்டிக்குப் போனது. ஆக, கிராஸ்ஓவரில் தவறில்லை. பின்னால் முத்திரையைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது, இரண்டும் டி27 தான், ஆனால் வேறு வேறு காலத்தவை. எப்போதோ யாரோ ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். 15 ஓம் கிராஸ்ஓவரில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. ட்வீட்டருக்குப் போகும் வழியில் ஓர் ஆட்டோ டிரான்ஸ்பார்மர் (ட்வீட்டரின் சத்தத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்க உதவும் சுருள்), அதில் பல இணைப்பு முனைகள். கையால் செய்யப்பட்ட ட்வீட்டர்கள் ஒன்றுக்கொன்று சத்தத்தில் கொஞ்சம் வேறுபடும் என்பதால், ஒவ்வொன்றையும் அளந்து எந்த முனையில் சேர்ப்பது என்று தீர்மானித்தார்கள். மாற்றியவர் முனையைத் தொடவில்லை. ட்வீட்டர்களைத் திரும்பத் தன் தன் இடத்தில் வைத்து, வலது பெட்டியின் இணைப்பை நகர்த்தி, அளந்து, மறுபடி நகர்த்தினேன். இரண்டு பெட்டியும் அரை டெசிபலுக்குள் வந்துவிட்டன.

ட்வீட்டரைச் சுற்றி நான்கு பக்கமும் தடித்த கம்பளிப் பட்டை இருக்கும், அதில் ஒரு பக்கம் காணாமல் போயிருந்தது. அலங்காரம் என்று நினைத்திருப்பார்கள் போல. முகப்புப் பலகை பெட்டிக்குள் சற்றுப் பதிந்து இருப்பதால் ஓரச் சட்டத்தில் ஒலி பட்டுத் திரும்பும், அதைத் தடுக்கத்தான் இந்தப் பட்டை. கம்பளி ஃபெல்ட் வாங்கி வெட்டி ஒட்டினேன். மேல் ஒலியில் இருந்த சிறு அலைகள் வரைபடத்திலேயே தணிந்தன. முன்துணியும் அப்படித்தான், அதை மாட்டி வைத்துத்தான் இந்த ஸ்பீக்கரைச் சமன்செய்தார்கள். கழற்றிவிட்டுக் கேட்பது கூடாது.

இப்போதுதான் ஒப்பிடத் தகுதியான நிலைக்கு வந்தது.

ஏற்பாட்டில் இரண்டு விஷயத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்று, சத்தம். ஒரே வால்யூமில் மெட்டா இரண்டரை டெசிபல் கூடுதலாக ஒலிக்கும், ஒரே மின் உள்ளீட்டுக்குப் பழையது தருவது 82.5 டெசிபல், புதியது 85. காது எப்போதும் சத்தம் கூடியதையே நல்லது என்று சொல்லும். அதனால் 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரையிலான பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓட்டி, உட்காரும் இடத்தில் அளந்து சமன்படுத்தினேன். இரண்டாவது, இடம். இரண்டையும் ஒரே புள்ளியில் வைப்பது நியாயம் போலத் தெரிந்தாலும் நியாயமல்ல. மூடிய பெட்டி பின்சுவரை ஒட்டி வந்தாலும் சமாளிக்கும், மெட்டாவுக்குப் பின்பக்கம் துளை இருப்பதால் சுவர் தள்ளி இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதற்குப் பிடித்த இடத்தைத் தேடித் தரையில் டேப் ஒட்டி வைத்தேன். முன்னால் ஒலி புகும் கறுப்புத் துணி, மாற்றிவிடத் தங்கை. எது ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால் தீர்ப்பு சாயும் என்பதை 1990களில் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் சோதித்தே காட்டியிருக்கிறார்கள்.

ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபையருக்குச் சுமை கூடும். அந்த விஷயத்தில் பழையது சாது, 15 ஓம். மெட்டா 8 ஓம் என்று போட்டிருந்தாலும் சில இடத்தில் 3.5 ஓம் வரை இறங்குகிறது. அதைத் தாங்கும் ஆம்ப்ளிஃபையர்தான் இரண்டுக்கும் வைத்தேன்.

முதல் சோதனை பிபிசியின் வழியில் பேச்சுக் குரல். நேரில் பேசுபவரையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிக் கேட்பதுதான் அவர்கள் முறை. அப்பாவைத் தோட்டத்தில், சுவர் எதிரொலி இல்லாத புல்வெளி நடுவில் உட்கார வைத்து, ஒரு மீட்டரில் அளவு மைக்கை வைத்து, செய்தித்தாளை வாசிக்கச் சொல்லிப் பதிந்தேன். தங்கையையும் அதே மாதிரி. பிறகு அறையில் அப்பா ஸ்பீக்கர்களுக்கு நடுவே உட்கார்ந்து அதே பத்தியை வாசிப்பார், உடனே பதிவை ஓட்டுவேன். அந்தச் சுற்றில் தங்கை திரைக்கு இந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, முதல்ல போட்டதுல அப்பா குரல் கொஞ்சம் தடிச்சுக் கேக்குது. ஆனா ஆள் பக்கத்துல இருக்காரு," என்றாள். அது எல்எஸ்3/5ஏ. மெட்டாவுக்கு அவள் சொன்னது: "இது சரியா அவர் குரல். வாய் எந்த உயரத்துல இருக்குன்னு விரல் நீட்டிக் காட்டலாம்."

அப்பாவைக் கேட்டால், "என் குரல் வெளியே எப்படிக் கேக்கும்னு எனக்கென்னப்பா தெரியும், நீங்களே சொல்லுங்க" என்றுவிட்டார். நியாயம்தான்.

தங்கை சொன்ன தடிப்பு வரைபடத்தில் இருக்கிறது. எல்எஸ்3/5ஏ-யில் 125 முதல் 160 ஹெர்ட்ஸ் சுற்றி ஒரு சிறு மேடு உண்டு. அவ்வளவு சின்னப் பெட்டி மெலிந்து கேட்காமல் இருக்க அது உதவுகிறது. ஆண் குரலின் அடிச்சுருதி அங்கேதான் விழும். தங்கையின் பதிவை ஓட்டியபோது இந்தத் தடிப்பு இல்லவே இல்லை, பெண் குரலின் அடிச்சுருதி 200 ஹெர்ட்ஸ் பக்கம் என்பதால் மேட்டைத் தாண்டிவிடுகிறது. அவள் குரலில் இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே தேர்வு செய்ய எனக்கு முடியவில்லை. 1970களில் செய்த பெட்டி இது. அந்த வேலைக்கு என் மரியாதை அங்கே இன்னும் கூடியது.

அடுத்து தம்புரா. ஸ்பீக்கர் சோதிக்க நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த கருவி இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். ஜீவா (தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) சரியாக அமைந்த தம்புராவில் ஒரு மீட்டுக்குள் மேல் சுருதிகள் ஒவ்வொன்றாக எழுந்து அடங்கும். ஸ்பீக்கரில் எங்காவது மேடு இருந்தால் அங்கே வரும் சுருதி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். எல்எஸ்3/5ஏ-யில் 1200 ஹெர்ட்ஸ் அருகே அப்படி ஒன்று எட்டிப் பார்த்தது. பி110-ன் இயல்பான மேடு அது, கிராஸ்ஓவர் பெரும்பாலும் அடக்குகிறது, முழுக்க அல்ல. குரலுக்கு அது ஒரு நெருக்கம் தருகிறது, தம்புராவில் காட்டிக்கொடுக்கிறது. மெட்டாவில் சுருதிகள் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கின, எதுவும் தனித்து நிற்கவில்லை.

மிருதங்கத்தில் வித்தியாசம் இன்னும் வெளிச்சம். தொப்பியில் (இடது பக்கத்தில்) கையை அழுத்தி இழுத்துக் கும்கி எழுப்பும்போது சுருதி வளைந்து மேலே போகும். எல்எஸ்3/5ஏ-யில் அந்த வளைவு 125-160 ஹெர்ட்ஸ் மேட்டுக்குள் நுழைந்ததும் சத்தம் பெருத்து, வெளியே வந்ததும் சுருங்குகிறது, கலைஞர் வாசிக்காத ஓர் அழுத்தம் அதில் சேர்கிறது. மெட்டாவில் வளைவு மட்டும் கேட்கிறது. இங்கே புதியதுக்கே என் ஓட்டு, சந்தேகமே இல்லை. நாதஸ்வரமும் தவிலும் கச்சேரி அளவுக்கு வேண்டுமென்றால் பழையதிடம் கேட்கவே கூடாது, 25 வாட் அதன் எல்லை, பி110 மூச்சுத் திணறுவது காதில் விழும். மெட்டாவும் சின்னப் பெட்டிதான், ஆனால் இன்னும் நல்ல தூரம் போகிறது.

ஜால்ராவின் கணகணப்பில் மெட்டாவின் ட்வீட்டர் சுத்தமாக ஓய்கிறது. ட்வீட்டர் பின்பக்கம் வீசும் ஒலியை ஒரு வட்டத் தகட்டில் சுருண்ட 30 குழாய்கள் விழுங்கிவிடுகின்றன, 620 ஹெர்ட்ஸுக்கு மேலே 99 சதவீதம் என்பது கெஃப்பின் கணக்கு. பெயரில் இருக்கும் மெட்டா அந்தத் தகடுதான். டி27 இனிமையானது. ஆனால் அடுத்தடுத்துக் கேட்டால் ஒவ்வொரு தட்டலுக்குப் பின்னும் ஒரு மெல்லிய மணல் இழை தங்குகிறது.

உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றபோதுதான் நாற்பது வருஷத்தின் உண்மையான முன்னேற்றம் தெரிந்தது. எல்எஸ்3/5ஏ-யில் ஒலி இரண்டு டிரைவருக்கிடையே கைமாறுவது 3000 ஹெர்ட்ஸில். அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 11.5 சென்டிமீட்டர், இரண்டு டிரைவர் மையங்களின் இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவு. தலையைக் கொஞ்சம் உயர்த்தினாலே இரண்டிலிருந்தும் வரும் ஒலி முன்பின் ஆகிக் குரலின் நிறம் மாறிவிடும். வேனில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது பிரச்சினை இல்லை. மெட்டாவில் வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டர். யூனி-க்யூ என்ற இந்த அமைப்பை கெஃப் 1988ல் கொண்டுவந்தது, சிறியதானாலும் வலுவான நியோடிமியம் காந்தம் வந்து ட்வீட்டர் அந்த இடுக்கில் அடங்கும் அளவு சிறிதான பிறகுதான் அது முடிந்தது. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாலும், நடந்தாலும், அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகவே இருக்கிறது.

இரவில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டபோது மட்டும் என் கை பழையதன் பக்கமே போனது. சத்தம் குறையக் குறையக் காதுக்குத் தாழ்ந்த ஒலி கேட்பது குறையும். 140 ஹெர்ட்ஸ் பக்கத்து அந்த மேடு அப்போது சரியாக ஈடுகட்டுகிறது. வானொலி நாடகமோ பேட்டியோ, மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மீட்டரில், மெல்லிய சத்தத்தில் என்றால் இன்றும் இதற்கு இணையாக நான் கேட்டதில்லை.

அப்படியென்றால் பழையதன் அழகு அந்த இரண்டு மேட்டில் மட்டும்தானா? மெட்டாவில் ஈக்வலைசர் போட்டுப் பார்த்தேன், 140 ஹெர்ட்ஸில் 2 டெசிபல், 1200-ல் 1 டெசிபல் ஏற்றி. திரைக்குப் பின்னால் மாற்றி மாற்றி ஓட்டியதில், அப்பாவின் குரலின் நிறம் எது எதில் என்று தங்கை தடுமாறினாள். ஆனால் ஒன்றை அவள் விடவில்லை. "நிறம் ஒண்ணுதான் அண்ணா, ஆனா இதுல அவர் நிக்கிற இடம் வேற." ஒலி அறைக்குள் எப்படிப் பரவுகிறது என்பதை ஈக்வலைசர் தொடாது, அது டிரைவர் அமைப்பிலும் பெட்டி வடிவத்திலும் இருக்கிறது. எதிர்ப்பக்கமும் அப்படியே. எல்எஸ்3/5ஏ-யின் மேட்டைக் குறைத்ததும் கும்கி நேரானது, எழுந்து நின்றால் நிறம் மாறுவது மாறவில்லை. எனக்கு இந்த ஒப்பீட்டில் கிடைத்த மிகப் பெரிய பாடம் இதுதான். பழைய ஸ்பீக்கரின் "நிறத்தை" இன்று யார் வேண்டுமானாலும் நான்கு எண்களில் எழுதிவிடலாம், புதியதன் பரவலைப் பழையதில் எழுத வழியில்லை.

விலையையும் சொல்லிவிடுகிறேன். மெட்டா இங்கே வந்தபோது ஜோடி 1000 பவுண்டுக்குப் பக்கம். நல்ல நிலையிலுள்ள 15 ஓம் எல்எஸ்3/5ஏ அதைவிடக் கூடுதலாகப் போகிறது. ஒரே ஜோடிதான் வாங்க முடியும், கூடத்தில் எல்லோரும் கேட்க வேண்டும் என்றால் மெட்டாவை வாங்குங்கள். பழையதைத்தான் வாங்குவேன் என்பவர் பணம் கொடுக்கும்முன் கோனை அழுத்திப் பாருங்கள், இரண்டு பெட்டியின் இம்பீடன்ஸ் வரைபடத்தையும் கேளுங்கள், ட்வீட்டரைச் சுற்றி கம்பளி முழுசாக இருக்கிறதா என்று துணியைத் தூக்கிப் பாருங்கள்.

என் வீட்டில் மெட்டா கூடத்துக்குப் போயிற்று, எல்எஸ்3/5ஏ வேலை மேசையின் இருபுறமும் ஸ்டாண்டில் நிற்கிறது. மூடுவதற்கு முன் வலது பெட்டியின் பின்பலகை உள்பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டினேன். எந்த ட்வீட்டர் மாற்றப்பட்டது, ஆட்டோ டிரான்ஸ்பார்மரில் இணைப்பு எந்த முனையிலிருந்து எந்த முனைக்குப் போனது, நுரைப்பட்டை போட்ட தேதி, இரண்டு பெட்டியின் வரைபடமும் அதில் இருக்கின்றன. அடுத்து திறப்பவர் முதலிலிருந்து தேட வேண்டியதில்லை.